ஆம், இல்லை, அறியோம்



2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் நம் நாடு முழுவதும் கதவடைத்துக்கொண்டபோது, இன்று கல்லூரியிற் பயிலும் உங்களிற் பலர் பள்ளி மாணவர்களாக இருந்தீர்கள். இன்று பள்ளியில் இருப்போர் அன்று அரிச்சுவடி கற்கும் பருவத்தினர். முதலில் 21 நாள் என்றார்கள். பின்னர் மே 3 என்றார்கள். அதன்பின் மே 17. அதற்கும் பின் மே 31. அவ்வாண்டு பத்தாம் வகுப்பிற் பயின்றவர்கள், நடக்கும் நடக்காது என்று மாறிமாறிக் கேட்ட பொதுத் தேர்வை எதிர்நோக்கிப் பலமுறை பாடங்களைத் திருப்பிப் படித்தார்கள். ஜூன் திங்களில் தேர்வு இல்லை என்ற அறிவிப்பு வந்தது. அவர்களுள் ஒருவர் பின்னாளில் என்னிடம் சொன்னார்: "ஐயா, தேர்வு நடந்திருந்தால்கூட இவ்வளவு களைப்பு இராது."

அந்தக் களைப்பைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். நோயால் வந்த துன்பத்தைப் பலர் பேசிவிட்டார்கள். நோய் நமக்கு இருக்கிறதா இல்லையா, வந்து போய்விட்டதா, போனது திரும்ப வருமா என்று அறியாமல் ஓர் அறையில் நாட்களைக் கழித்த துன்பத்தைப் பேசியவர் சிலரே. இனி இன்னொரு தொற்று வருமாயின் இந்த மூன்று வினாக்களும் மறுபடியும் வரும். அவற்றிற்கு மூன்று வகை விடைகள் உண்டு: ஆம், இல்லை, அறியோம். முதல் இரண்டையும் கேட்டுப் பழகிய நமக்கு மூன்றாவதைக் கேட்டுப் பொறுக்கும் பழக்கம் குறைவு.

சில நோய்கள் ஒருமுறை கண்டவரை மீண்டும் அணுகா என்பது மக்கள் மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்ட உண்மை. அறுபதுகளில், நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் ஊரில் ஒரு வீட்டு வாயிலில் வேப்பிலைக் கொத்துச் செருகப்பட்டிருந்தால் அவ்வீட்டில் அம்மை கண்டிருக்கிறது என்று பொருள். அயலார் உள்ளே செல்லார். ஆனால் முகத்திலே தழும்பு நிறைந்த பாட்டியார் ஒருவர் மட்டும் தயங்காமல் உள்ளே செல்வார், நோயாளிக்கு இளநீர் புகட்டுவார், பாய் மாற்றுவார். அவருக்கு இளமையிலேயே பெரியம்மை வந்து போயிருந்தது. எந்த மருத்துவ நூலையும் அவர் படித்ததில்லை. அவர் முகத் தழும்பே அவருக்கு அனுமதிச் சீட்டு.

இதே உண்மையைக் கணக்கிட்டுக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று வட அட்லாண்டிக்குக் கடலில் நடந்தது. டென்மார்க்கு நாட்டுக்கு உரிய பேரோ தீவுகளில் 1846ஆம் ஆண்டு தட்டம்மை பரவிற்று. அங்கு வாழ்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களில் ஏறத்தாழ ஆறாயிரம் பேர் நோயுற்றனர். ஆராய்வதற்காக அனுப்பப்பட்ட பானும் என்ற இளம் மருத்துவர் வீடு வீடாகச் சென்று விசாரித்தார். அத்தீவுகளுக்குத் தட்டம்மை அதற்கு முன் வந்தது 1781இல். இடையில் 65 ஆண்டுகள் கடந்திருந்தன. முன்னைய நோயைத் தம் பிள்ளைப் பருவத்திற் கண்ட முதியவர் பலர் அத்தீவுகளில் அப்போதும் உயிரோடிருந்தனர். அவர்களுள் ஒருவரையும் இம்முறை அந்நோய் தொடவில்லை என்று அவர் எழுதினார். 65 ஆண்டுக்காலம் ஓர் உடல் தன் பகைவனை மறவாமல் இருந்தது வியப்பே.

பெரியம்மையும் தட்டம்மையும் இவ்வாறிருக்க, கொரோனாவும் அவ்வாறே இருக்கும் என்று 2020இல் பலர் எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் நச்சுயிரிகள் எல்லாம் ஒரே குணம் உடையவை அல்ல. நமக்கு ஆண்டுதோறும் வரும் சளிக்குக் காரணமான நச்சுயிரிகளுள் சில இதே கொரோனாக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவை மீண்டும் மீண்டும் வருவதை நாம் அறிவோம். புதிதாக வந்தது தட்டம்மையைப் போன்றதா, சளியைப் போன்றதா? 2020 ஏப்ரலில் இதற்கு விடை சொல்லக்கூடியவர் உலகில் எவரும் இல்லை. விடை சொல்லவேண்டுமாயின் நோய் கண்டு தேறியவர்களைப் பல திங்கள் தொடர்ந்து கவனிக்க வேண்டும். நோய் தோன்றியே நான்கைந்து திங்கள்தாம் ஆகியிருந்தன.

அந்நாளில் சில நாடுகள், தொற்று வந்து தேறியவர்களுக்குச் சான்றிதழ் அளித்து வேலைக்கும் பயணத்துக்கும் அனுப்பலாமா என்று ஆலோசித்தன. 2020 ஏப்ரல் 24ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் அவ்வெண்ணத்தை எச்சரித்தது. தேறியவருக்கு மறுமுறை தொற்றாது என்பதற்கு அப்போது சான்றில்லை என்று கூறிற்று. இதைக் கேட்ட மக்கள், 'எதிர்ப்பாற்றலே உண்டாகாது' என்று பொருள்கொண்டு கலங்கினர். மறுநாளே அந்நிறுவனம், தொற்றுக்கு ஆளானவர்களிற் பெரும்பாலோர்க்கு ஓரளவு பாதுகாப்பு உண்டாகும் என்றே எதிர்பார்ப்பதாக விளக்கம் தந்தது. 'சான்றில்லை' என்பது வேறு, 'இல்லை' என்பது வேறு. நீதிமன்றத்தில் இவ்வேறுபாட்டை உணர்பவர்கள்கூட நோய்க்காலத்தில் மறந்துவிடுகிறார்கள். உங்கள் விடைத்தாள் இன்னும் திருத்தப்படவில்லை என்றால் நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்றா பொருள்?

பின்னர் உண்மை சிறிது சிறிதாகத் தெளிந்தது. 2020 ஆகஸ்டுத் திங்களில் ஹாங்காங்கில் ஓர் ஆடவருக்கு இரண்டாம் முறை தொற்று ஏற்பட்டிருந்ததை ஆராய்ச்சியாளர் உறுதி செய்தனர். முதன்முறை வந்த நச்சுயிரியின் மரபு எழுத்தும் இரண்டாம் முறை வந்ததன் மரபு எழுத்தும் வேறுவேறாக இருந்தமையால், பழைய நோயின் மிச்சம் அன்று, புதிய தொற்றே என்று தெளிந்தனர். அவருக்கு இரண்டாம் முறை எவ்வித நோய்க்குறியும் இல்லை என்பதும் கவனிக்கத் தக்கது. 2021 இறுதியில் ஒமைக்கிரான் என்ற திரிபு தோன்றியபின் மறுதொற்று அரிய செய்தியாக இல்லாமற் போயிற்று. தொற்றாமற் காக்கும் ஆற்றல் சில திங்களிலேயே தளரக்கூடும். கடுமையான நோயிலிருந்து காக்கும் ஆற்றல் அதனினும் நெடுநாள் நிற்கும். நம் உடல் கோட்டை வாயிற் காவலரைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. உள்ளிருக்கும் படையை அவ்வளவு எளிதிற் கலைப்பதில்லை எனலாம்.

இனிச் சோதனைக்கு வருவோம். மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்துச் செய்த ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையை உங்களிற் பலர் அறிவீர்கள். அச்சோதனை நச்சுயிரியின் மரபுப்பொருளின் சிறு துண்டைத் தேடிப் பிடித்து, அதைப் படியெடுத்துப் படியெடுத்துப் பெருக்கிக் காட்டுவது. மிக நுட்பமானது, அந்நுட்பத்திலேயே ஒரு சிக்கலும் உண்டு. நச்சுயிரி இறந்தபின்னும் அதன் துண்டுகள் சில வாரம் உடலில் தங்கலாம். தென்கொரியாவில் 2020இல் நோய் நீங்கி வீடு சென்றவர் பலருக்குச் சோதனை மீண்டும் 'ஆம்' என்று வந்தது. நாடெங்கும் அச்சம் பரவிற்று. அத்தகைய 285 பேரை அந்நாட்டு அதிகாரிகள் ஆராய்ந்தனர். அவர்களிடமிருந்து உயிருள்ள நச்சுயிரியை வளர்த்தெடுக்க முடியவில்லை. அவர்களால் பிறருக்கு நோய் பரவியதற்கும் சான்று கிட்டவில்லை. ஆகவே அங்கே 'ஆம்' என்ற சொல்லின் பொருள், 'பகைவன் இருக்கிறான்' என்பதன்று. 'பகைவனின் கிழிந்த சட்டை கிடக்கிறது' என்பதே.

'இல்லை' என்ற விடையோ இதனினும் வழுக்கலானது. தொற்றிய மறுநாளே சோதித்தால் எதுவும் தெரியாது. விதைத்த மறுநாள் வயலைப் பார்ப்பதைப் போன்றது அது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் மதிப்பிட்டு வெளியிட்ட கணக்கின்படி, காய்ச்சல் முதலிய குறிகள் தோன்றும் நாளில் சோதித்தால்கூட நோயுற்ற 100 பேரில் 38 பேருக்கு 'இல்லை' என்றே வரும். மூன்று நாள் கழித்துச் சோதித்தால் அது 20 ஆகக் குறையும். மிகச் சிறந்த நாளிலும் ஐவரில் ஒருவர் தப்பிவிடுகிறார். சோதனைச் சீட்டில் 'இல்லை' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டவுடன் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுத் திருமண வீட்டுக்குச் சென்றவர்களை நாம் அறிவோம் அல்லவா?

வேறொரு சோதனையும் உண்டு. அது நச்சுயிரியைத் தேடாமல், அதை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை இரத்தத்தில் தேடுவது. விரல் நுனியில் ஒரு துளி எடுத்தால் சில நிமிடங்களில் விடை கிடைக்கும் என்று 2020 ஏப்ரலில் விரைவுச் சோதனைக் கருவிகள் பெருமளவில் தருவிக்கப்பட்டன. அவை தரும் முடிவுகள் ஒன்றற்கொன்று பெரிதும் மாறுபடுவதாக மாநிலங்கள் கூறவே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏப்ரல் 21ஆம் நாள் அவற்றை நிறுத்தி வைக்கச் சொல்லிற்று. ஒரு வாரத்துக்குள் அவற்றைத் திருப்பி அனுப்பவும் சொல்லிற்று. அக்கருவிகள் குறையுடையவை. ஆயினும், நல்ல கருவியாக இருந்தால் மட்டும் போதுமா என்று நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆசிரியனாக இருந்தவனுக்குக் கணக்கில்லாமற் பேசி முடிக்க மனம் வராது. தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஊரில் 1000 பேர். அவர்களுள் 10 பேருக்கு மட்டுமே முன்பு தொற்று வந்து போயிருக்கிறது. நம்மிடம் ஒரு கருவி இருக்கிறது. தொற்றுக் கண்ட 100 பேரில் 90 பேரை அது சரியாகக் காட்டும். தொற்றே காணாத 100 பேரில் 5 பேரை மட்டும் தவறாக 'ஆம்' என்று காட்டும். கேட்பதற்கு நல்ல கருவிதான். இப்போது எல்லாரையும் சோதியுங்கள். தொற்றுக் கண்ட 10 பேரில் 9 பேருக்கு 'ஆம்' என வரும். எஞ்சிய 990 பேரில், நூற்றுக்கு 5 வீதம், ஏறத்தாழ 50 பேருக்கும் 'ஆம்' என வரும். ஆக 'உனக்கு எதிர்ப்பாற்றல் உண்டு' என்ற சீட்டோடு வெளியே செல்பவர் 59 பேர். அவர்களுள் 50 பேருக்கு அஃது இல்லை!

இதே கருவியை வேறோர் ஊருக்குக் கொண்டுசெல்லுங்கள். அங்கே 1000 பேரில் 300 பேருக்குத் தொற்று வந்து போயிருக்கிறது. 300 பேரில் 270 பேருக்கு 'ஆம்'. எஞ்சிய 700 பேரில் 35 பேருக்குத் தவறாக 'ஆம்'. மொத்தம் 305 சீட்டுகளில் 35 மட்டுமே பொய். கருவி மாறவில்லை; ஊர்தான் மாறிற்று. இவ்விரண்டு கணக்குகளையும் ஒருமுறை தம் கையாற் போட்டுப் பார்த்தவர், சோதனைச் சீட்டைக் கையில் வாங்கியவுடன், 'இப்போது ஊரில் நோய் எவ்வளவு இருக்கிறது? எனக்கு வந்திருக்கக் காரணம் உண்டா?' என்று கேட்காமல் இருக்கமாட்டார். மருத்துவர் உங்களிடம் 'எங்கே போயிருந்தீர்கள், யாரோடு இருந்தீர்கள்' என்று துருவித் துருவிக் கேட்பதும் வம்புக்காக அன்று. சீட்டு சொல்லாத பாதியை அவர் உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.

இக்கணக்கு ஏட்டில் மட்டும் நிற்பதன்று. 2021 மார்ச்சு இறுதியில் கல்லூரிகள் மீண்டும் மூடப்பட்டபோது, என்னிடம் முன்பு பயின்ற மாணவி ஒருவர் சென்னை விடுதியிலிருந்து திருநெல்வேலிப் பக்கத்திலுள்ள தம் ஊருக்குத் திரும்பினார். விடுதியில் உடன் தங்கியிருந்த ஒருத்திக்குத் தொற்று என்பது அவர் புறப்படும் நாளிலேதான் தெரிந்தது. வீட்டில் எண்பது கடந்த ஆச்சி. தடுப்பூசி இன்னும் போட்டுக்கொள்ளாதவர். வந்த மறுநாள் சோதித்தார்கள். 'இல்லை' என்று வந்தது. தந்தையார் மகிழ்ந்து, "அதான் இல்லைன்னு வந்துட்டுல்லா, கீழே வாம்மா" என்றார். பெண்ணோ மாடியறையை விட்டு இறங்கவில்லை. "அப்பா, நாளைக்கே காய்ச்சல் வந்தா இந்தச் சீட்டு ஆச்சியைக் காப்பாத்துமா?" என்று மட்டும் கேட்டார்.

பதினான்கு நாள் மாடியிலேயே இருந்தார். உணவுத் தட்டை மேற்படியில் வைத்துவிட்டுத் தாயார் இறங்கியபின் எடுத்துக்கொள்வார். மாலை வேளையில் ஆச்சி முற்றத்தில் அமர்ந்து மேலே பார்த்தபடி, தம் இளமையில் பயிரிட்ட நெல் வகைகளின் பெயர்களைச் சொல்லுவார்; பேத்தி மாடிச் சுவரருகே நின்று எழுதிக்கொள்வார். பதினான்கு நாளும் அவருக்குக் காய்ச்சலும் வரவில்லை, இருமலும் வரவில்லை. இறங்கி வந்தபோது உறவினர் சிலர், "வீணா ரெண்டு வாரம் ஜெயில்ல கிடந்தாளே" என்று நகைத்தனர். அப்பெண்ணுக்கு அது வருத்தமாயிற்று. என்னிடம் தொலைபேசியில் கேட்டார், "நான் செஞ்சது வீணா ஐயா?" என்று.

கார்மேகம் கண்டு குடை எடுத்துச் சென்றவர், மழை பெய்யாமற் போனால் அறிவிலி ஆகிவிடுவாரா என்று நான் திருப்பிக் கேட்டேன். ஒரு செயல் நல்லதா என்பதைச் செய்யும்போது நாம் அறிந்திருந்ததைக் கொண்டுதான் அளக்க வேண்டும். பின்னால் நேர்ந்ததைக் கொண்டு அளப்பது சூதாடியின் வழக்கம். அவர் அன்று அறிந்திருந்தவை மூன்று: உடனுறைந்தவருக்கு நோய், தமக்குச் சோதனை மிக முன்னதாகச் செய்யப்பட்டது, கீழே எண்பது வயது உடல். இவ்வளவும் அறிந்தபின் வேறென்ன செய்திருக்க வேண்டும்? அவருக்கு உண்மையில் தொற்று இருந்ததா என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது. ஆச்சி அதன்பின் தடுப்பூசி போட்டுக்கொண்டார்.

பதினான்கு நாள் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். பழங்காலத்தில் இக்கணக்கு வெறும் ஊகமே. ஆதிரியாட்டிக் கடற்கரையிலுள்ள இரகூசா நகரத்தார் 1377இல், கொள்ளைநோய் உள்ள இடங்களிலிருந்து வருவோர் முப்பது நாள் ஒதுங்கி இருந்த பின்னரே நகருக்குள் வரலாம் என்று விதித்தனர். பின்னர் அது நாற்பது நாளாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்தே குவாரன்டைன் என்ற சொல் பிறந்தது. கொள்ளைநோயின் கிருமியை மனிதர் கண்டதோ 1894இல்தான்! நம் கடற்கரையில் மண்டபம் முகாமிலும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் ஏழை மக்கள், நோயற்றவர் என்று அறியப்படும்வரை நாட்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டனர். அவர்கள் அங்குப் பட்ட துயரம் தனியே பேசத் தக்கது. கொரோனாவின் பதினான்கு நாள் ஊகமன்று. தொற்றிய நாளும் குறி தோன்றிய நாளும் தெரிந்த நோயாளிகளைக் கணக்கெடுத்து, பெரும்பாலோர்க்கு ஐந்தாறு நாளிலும், மிகச் சிலரைத் தவிர ஏனையோர்க்குப் பதினான்கு நாளுக்குள்ளும் குறி தோன்றிவிடுகிறது என்று கண்டது அதற்கு ஆதாரமாயிற்று. முடிவு தெரிந்த தனிமையைத் தாங்குவது எளிது. நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடிக்கலாம்.

தனிமையில் என்ன செய்வது? 1665இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கொள்ளைநோயால் மூடப்பட்டபோது நியூட்டன் தம் சிற்றூருக்குச் சென்று ஒளியையும் இயக்கத்தையும் ஆராய்ந்த கதையை உங்களுக்கு 2020இல் சொல்லாத பெரியவர் இல்லை. நானும் அதைச் சொல்லி உங்களை வருத்தமாட்டேன். அவருக்குப் பண்ணை இருந்தது, உணவு இருந்தது, எட்டுப் பேர் படுக்கும் ஓர் அறையில் அவர் இருக்கவில்லை. ஊரடங்கில் நம் மாணவர் பலர் ஒரே கைப்பேசியை மூன்று உடன்பிறந்தாரோடு பகிர்ந்து பாடம் கேட்டனர். கைப்பேசியே இல்லாதவர் கல்வித் தொலைக்காட்சியையும் வானொலியையும் நம்பியிருந்தனர். நோய்க்கால அறையிலிருந்து பெருங்கண்டுபிடிப்போடு வெளிவர வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. முழுமையாக வெளிவந்தாலே போதும்.

அதற்கு எளிய வழிகள் சிலவே பயன்பட்டதை நான் கண்டிருக்கிறேன். விடியற்காலை எழுந்து, குளித்து, உடை மாற்றிக்கொண்டவர்கள், நாள் முழுதும் படுக்கையிற் கிடந்தவர்களைவிட மனம் தளராதிருந்தார்கள். செய்தியை நாளுக்கு ஒரு முறை, குறித்த நேரத்தில் மட்டும் கேட்டவர்கள், மணிக்கொரு முறை எண்ணிக்கை பார்த்தவர்களைவிட நன்கு உறங்கினார்கள். உறவினரோடு நாள்தோறும் குரலாற் பேசுவது மிக நன்று. எழுத்துச் செய்தியில் இருமலும் தெரியாது, சிரிப்பும் தெரியாது. உறக்கம் பல நாள் வராமலிருந்தாலோ, உயிர்மேல் வெறுப்புத் தோன்றினாலோ அதை ஒளிக்காமல் பெற்றோரிடமோ மருத்துவரிடமோ சொல்லிவிட வேண்டும். காய்ச்சலைச் சொல்ல வெட்கப்படாத நாம் இதற்கு மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஒதுங்கியிருப்பது வேறு, ஒதுக்கிவைப்பது வேறு. சில ஊர்களில் நோயாளி வீட்டு வாயிலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். 2020 ஏப்ரலில் சென்னையில், நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்துத் தாமே தொற்றி உயிர்நீத்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டிற்று. அவர்களும் அறியாமையின் நடுவில் நின்றவர்களே. 'அறியோம்' என்று சொல்லிக்கொண்டு அறிந்தவரைக் கேட்பதற்குப் பதிலாக, அறிந்தவர்போல் கல்லை எடுத்தார்கள்.

2023 மே 5ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் உலகளாவிய நெருக்கடிநிலை முடிந்தது என்று அறிவித்தது. நச்சுயிரி முடிந்துவிடவில்லை, ஏனைய காய்ச்சல்களோடு அதுவும் உலவுகிறது. நாளை உங்கள் விடுதியில் புதியதொரு காய்ச்சல் பரவினால், ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்து நான்கு செய்திகளை எழுதிவையுங்கள்: நோயுற்றவரோடு கடைசியாக இருந்த நாள், உங்களுக்கு முதற் குறி தோன்றிய நாள், சோதனை செய்த நாள், அது எவ்வகைச் சோதனை என்பது. விடைச் சீட்டை அந்தப் பக்கத்திலேயே செருகி வையுங்கள். அந்நான்கு வரிகளும் இல்லாமல் அச்சீட்டை மருத்துவரிடம் நீட்டினால், அவர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.